சுமைகூலி முக்கால் பணம்!

2025 மே 10. சத்தீஸ்கரின் தலைநகர் ராய்ப்பூரில் ஒரு விழா. முதலமைச்சர் விஷ்ணு தேவ் சாய் கொடியசைக்கிறார். லாரி ஒன்று புறப்படுகிறது. 40 டன் சுமக்கும் லாரி. ஒரு தடவை வாயு நிரப்பிவிட்டால் 200 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். டீசல் வேண்டாம், புகை கிடையாது, பின்புறக் குழாயில் வருவது வெறும் நீராவி! ஹைட்ரஜன் லாரி! அதானி நிறுவனம் வாங்க, நம் சென்னையில் தலைமையகம் வைத்துள்ள அசோக் லேலண்டும் கனடாவின் பாலார்டு கம்பெனியும் கூடிச் செய்து தந்த வண்டி.

நல்ல சேதிதான். அது சுமக்கப்போவது என்ன தெரியுமா தோழர்களே? நிலக்கரி! சுரங்கத்திலிருந்து கரியை ஏற்றிக்கொண்டு மின்சார நிலையத்தில் கொட்டுவது அதற்கு இட்ட வேலை. புகையில்லாத வண்டி, புகைபோக்கியின் வாயிலுக்கே தீனி கொண்டுபோகிறது.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. டீசல் புகை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012 ஜூனில் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்துவிட்டது. அறிவிப்பு வருவதற்கு வெகுநாள் முன்பே, கிடங்குக்குள் கதவை மூடிக்கொண்டு டீசல் ஃபோர்க்லிப்ட் ஓட்டிய தொழிலாளியின் கைக்குட்டை அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நானே பார்த்திருக்கிறேன்: சரக்குக் கிடங்கு ஒன்றில், மாலையில் வேலை முடிந்து வெளியே வந்த ஒருவர் மூக்கைச் சிந்தினார், வந்தது கரி. ஆகவே புகையில்லா வண்டி வேண்டாம் என்று சொல்வதற்கு நாம் யார்? வேண்டும். ஆனால் அதன் கணக்கு நமக்குத் தெரிந்தாக வேண்டும். பணம் நம்முடையது, வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கப்போகிறவனும் நம்மவன்.

கணக்குக்கு வருவோம். ஹைட்ரஜன் மின்கலம் 60 சதவிகிதம் திறன் உள்ளது, டீசல் என்ஜினோ 40ஐத் தாண்டத் திணறுகிறது என்று மார்தட்டுகிறார்கள். பொய்யல்ல. ஆனால் எங்கிருந்து எங்கே அளந்த 60? வண்டியின் தொட்டியில் வாயு வந்து சேர்ந்த பிறகு அளந்தது. தொட்டிக்கு அது எப்படி வந்தது? தெருக்குழாயில் பிடித்தார்களா? இல்லையே! மின்சாரத்தைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து எடுக்கிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் வரை மின்சாரம் செலவு. எடுத்ததை 350 மடங்கு காற்றழுத்தத்துக்கு நசுக்கித் தொட்டியில் அடைக்க இன்னும் சில யூனிட். ஆக மொத்தம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் சக்தியோ 33 யூனிட்தான். மின்கலம் அதில் பாதியைத்தான் மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. 60 என்பது இளைப்பாறி ஓடும்போது. பாரம் ஏறியதும் 50. மிஞ்சியது பதினாறரை. மோட்டாரும் பல்சக்கரமும் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டால் சக்கரத்துக்கு வந்து சேர்வது 15 யூனிட்.

60 கொடுத்தோம், 15 வந்தது. ரூபாய்க்கு நாலணா!

அதே 60 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் ஏற்றினால் சக்கரத்துக்கு ஏறக்குறைய 45 யூனிட் வரும். பன்னிரண்டணா. கிடங்குகளில் நெடுங்காலமாக உழைக்கும் பழைய ஈயபேட்டரி கூடப் பத்தணா தேற்றிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைப் பார்த்துத்தானோ என்று தோன்றும்.

அப்படியானால் ஹைட்ரஜன் வண்டி முழு ஏமாற்றா? அவசரப்படாதீர்கள். இந்த நாலணா வண்டியை அமெரிக்கக் கிடங்குகள் விலை கொடுத்து வாங்கி வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கின்றன. வால்மார்ட், அமேசான் போன்ற பெரும் வியாபாரிகளின் கிடங்குகளுக்கும் பிறவற்றுக்கும் பிளக் பவர் என்ற ஒரே கம்பெனி 60,000க்கு மேற்பட்ட மின்கலப் பெட்டிகள் கொடுத்திருக்கிறது. கணக்குப் பார்க்காமல் காலணா செலவழிக்காதவர்கள் அந்த வியாபாரிகள். ஏன் வாங்கினார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மூன்று ஷிப்ட் ஓடும் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயபேட்டரி ஒரு ஷிப்ட் உழைக்கும். பிறகு 8 மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும். இன்னொரு 8 மணி நேரம் சூடு ஆற வேண்டும். ஆகவே ஒரு வண்டிக்கு மூன்று பேட்டரி! ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடை. அதைக் கழற்றி மாட்ட 15, 20 நிமிடம். அதற்கென்று தனி அறை, தனி பளுதூக்கி, ஆசிட் தெறித்துச் சட்டையெல்லாம் ஓட்டையான ஆட்கள். ஷிப்ட் முடியும் தறுவாயில் பேட்டரி தளர்ந்து வண்டி நொண்டும். மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர்கிடங்கிலோ பேட்டரிக்குப் பாதி உயிர் போய்விடும். ஹைட்ரஜன் வண்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. குழாயை மாட்டினால் மூன்று நிமிடத்தில் தொட்டி நிறைந்துவிடும். கடைசிச் சொட்டு வாயு வரை ஒரே வேகம். பேட்டரி இருந்த பொந்திலேயே மின்கலப் பெட்டி கச்சிதமாக உட்காரும். பேட்டரியின் எடைதான் முன்னே தூக்கும் சுமைக்கு எதிர்ப்பாரமாக இருந்தது. பெட்டி இலேசானது என்பதால் இரும்புப் பாளம் வைத்து நிறையைச் சரிக்கட்டுகிறார்கள்.

ஆக, முதலாளி வாங்கியது யூனிட்டை மிச்சப்படுத்த அல்ல, நிமிடத்தை மிச்சப்படுத்த. மின்சாரத்தைத் தோற்றான், நேரத்தை வென்றான்.

யாருடைய நேரம் அது? பேட்டரி மாற்றும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் ஓட்டுநர் முதுகை நிமிர்த்தினார். ஒரு தேநீர் குடித்தார். நிர்வாகத்தின் ஏட்டில் ‘விரயம்’ என்று எழுதப்பட்டது, அவர் ஏட்டில் ‘மூச்சு’. வண்டிக்கு ஓய்வு தேவையில்லை என்று ஆனவுடன் மனிதனுக்கும் தேவையில்லை என்று யாராவது முடிவு செய்தால், அந்த முடிவை எந்த விஞ்ஞானமும் எழுதிக் கொடுக்கவில்லை. புதிய வண்டி வருகிற இடத்தில் தொழிற்சங்கம் முதலில் பேச வேண்டியது இடைவேளை நிமிடத்தைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நேரத்தை வென்றான் என்றேனே, சொந்தக் காசிலா வென்றான்? 2009ல் அமெரிக்க அரசு கொடுத்த ஊக்கப் பணம் இந்த வண்டிகளுக்கும் போயிற்று. மின்கலத்தின் விலையில் 30 சதவிகிதத்துக்கு வரிச்சலுகை. அவ்வளவும் கொடுத்தும் பிளக் பவரின் கணக்கில் 2023ல் 137 கோடி டாலர் நட்டம், 2024ல் 210 கோடி டாலர் நட்டம்! அந்த வாயுவும் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து வந்ததல்ல; பூமிக்கடியில் எடுத்த இயற்கை வாயுவிலிருந்து பிரித்ததே. உலகம் ஓர் ஆண்டில் தயாரிக்கும் ஹைட்ரஜன் 2023 கணக்குப்படி 9 கோடியே 70 லட்சம் டன். அதில் சுத்தமான வழியில் வந்தது நூற்றில் ஒன்றுகூட இல்லை.

நாலணாவை ஆறணா, எட்டணா ஆக்க முடியாதா? முடியும், ஓரளவுக்கு. அதற்கு இந்தக் கலம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

யோசனை புதிதல்ல. 1839லேயே வில்லியம் குரோவ் என்பவர், ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் சேரவிட்டு மின்சாரம் எடுத்துக் காட்டினார். தொழிலில் வக்கீல், பிற்காலத்தில் நீதிபதி! 120 ஆண்டு கழித்து 1959ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்ற பொறியாளர் தம் மின்கலத்தைக் கொண்டு வெல்டிங் இயந்திரத்தையும் பளுதூக்கி வண்டியையும் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனி 1,008 கலங்களை அடுக்கி 20 குதிரைசக்தி டிராக்டர் ஒன்றை உழவைத்தது. சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலத்திலும் பேக்கனின் வழிவந்த கலம்தான் மின்சாரம் தந்தது. விண்வெளிக்கு விலை பார்க்கமாட்டார்கள். கிடங்கிலும் சுரங்கத்திலும் பார்ப்பார்கள். அதனால்தான் இத்தனை ஆண்டு.

இன்றைய கலத்தின் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்று. இருபுறமும் பிளாட்டினம் பூசிய பூச்சு. ஹைட்ரஜன் அணு அங்கே பிளவுபட்டு, ஒரு பாதி சவ்வின் வழியே நேராகப் போகும். மறுபாதியான எலெக்ட்ரான் கம்பி வழியே சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சுற்றுப்பாதையில்தான் மோட்டார் இருக்கிறது. மறுபுறம் இரண்டும் சந்தித்துப் பிராணவாயுவோடு சேர்ந்து தண்ணீராகும். ஏட்டுக் கணக்குப்படி ஒரு கலம் 1.23 வோல்ட் தர வேண்டும். ஆனால் பாரம் இழுக்கும்போது கிடைப்பது 0.65 அல்லது 0.7. மிச்சம் எங்கே போயிற்று? வழியில் மூன்று சுங்கச்சாவடி! பிராணவாயு சோம்பேறி, எளிதில் சேராது. அதை உசுப்பவே பெரும்பங்கு செலவாகிறது. சவ்வின் தடை அடுத்தது. மூன்றாவது, வேகமாக இழுத்தால் கலம் தன் தண்ணீரிலேயே மூழ்கிக் காற்று உள்ளே வராமல் திணறும். சவ்வு காய்ந்தாலும் வேலை நடக்காது. வெள்ளம் வந்தாலும் நடக்காது. நாற்றங்காலைப் போலப் பக்குவமாக ஈரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவை போதாதென்று காற்றை உள்ளே தள்ளும் கம்ப்ரஸர் ஒன்று. கலம் செய்யும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கை, சில வேளை அதற்கு மேலும், அதுவே தின்றுவிடும். வெளியேறும் காற்றைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி அந்தச் செலவில் கொஞ்சத்தை மீட்பது இப்போது நடக்கும் முயற்சிகளில் ஒன்று. சவ்வை இன்னும் மெலிதாக்குவது, எரியாமல் மிஞ்சும் ஹைட்ரஜனை வெளியே விடாமல் திரும்ப உள்ளே அனுப்புவது என்று வேறு வேலைகளும் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் பலன் தருவது எளிய உபாயம் ஒன்று: கலத்தோடு ஒரு பேட்டரியையும் கூட்டாளியாகச் சேர்த்துவிடுவது. டீசல் என்ஜினுக்கு முழுப்பாரத்தில்தான் திறன் அதிகம். மின்கலம் நேர்மாறு: மிதமான சுமையில்தான் நன்றாக உழைக்கும். தூக்கு, இறக்கு, நில், போ என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வேலையைக் கலத்தின் தலையில் கட்டினால் திறனும் குறையும், பிளாட்டினமும் கரைந்து ஆயுளும் தேயும். திடீர்ச் சுமையைப் பேட்டரி தாங்கட்டும். கலம் நிதானமாக அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கட்டும். வண்டி பிரேக் போடும்போது வீணாகும் சக்தியும் பேட்டரிக்குத் திரும்பும்.

2022 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் மொகலக்வேனா சுரங்கத்தில் ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனி விட்ட ராட்சத லாரி இப்படிப்பட்டதுதான். 290 டன் சுமை; சுமையோடு சேர்த்து 510 டன். அதில் கலத்துக்குக் கொடுத்த பங்கு 800 கிலோவாட். மீதியைப் பேட்டரி பார்த்துக்கொண்டது. அது பிளாட்டினச் சுரங்கம் என்பது வேடிக்கையான பொருத்தம். லாரியின் இந்த மின்சார அமைப்பைச் செய்த ஃபர்ஸ்ட் மோட் கம்பெனி 2024 டிசம்பரில் திவாலுக்கு மனுப்போட்டது என்பதும் அதே கதையின் அடுத்த பக்கம்.

நம் நாட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும்; இதை வெளிநாட்டுப் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை. டீசல் என்ஜின் தன் சூட்டில் பெரும்பங்கைப் புகையோடு வெளியே தள்ளிவிடும். மின்கலத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் சூடு 60 முதல் 80 டிகிரிதான், அத்தனையையும் ரேடியேட்டர் வழியேதான் கழிக்க வேண்டும். கனடாவில் வெளிக்காற்று 10 டிகிரி என்றால் சூடு தானாகக் கழியும். சத்தீஸ்கர் நிலக்கரி வயலில் சித்திரை வெயில் 45 டிகிரியைத் தொடும்போது? ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், விசிறி ஓயாது சுழல வேண்டும், அதற்கும் மின்சாரம் கலத்திலிருந்தே போக வேண்டும். கரித்தூசி வடிகட்டியை அடைக்கும். காற்றிலுள்ள கந்தகப் புகை பிளாட்டினத்துக்கு நஞ்சு. குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அளந்த 60, ராய்கரின் புழுதியில் எத்தனை? இதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அமெரிக்க எரிசக்தித் துறை நெடுந்தூர லாரிகளுக்கு இலக்கு வகுத்திருக்கிறது. உச்சத் திறன் 68 சதவிகிதம், இறுதியாக 72. ஆயுள் 30,000 மணி நேரம். 72 கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொண்டு நம் பழைய கணக்கைத் திரும்பப் போடுங்கள். 60 யூனிட்டுக்கு 15 வந்த இடத்தில் 21 வரும். நாலணா ஆறணாவை எட்டவில்லை! கலத்தைத் திருத்துவதால் வாயுச் செலவு குறையும், தொட்டி சிறுக்கும், வண்டி கூடுதல் தூரம் போகும்; அதெல்லாம் பெரிய லாபம், திருத்தத்தான் வேண்டும். ஆனால் மீதிப் பத்தணா வண்டிக்கு வெளியேயும் தொலைகிறது. தண்ணீரைப் பிளக்கும் இயந்திரத்தைத் திருத்தாமல், வாயு தயாரிக்கும் இடத்தை வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவராமல், கலத்தை மட்டும் மெருகேற்றுவது ஓட்டைக் குடத்துக்கு விளிம்பு கட்டுவதாகும்.

எந்த மின்சாரம் என்பதும் கேள்வி. நம் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியில் வருவது. அந்தக் கம்பியிலிருந்து எடுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்தால், மின்நிலையத்தின் புகைபோக்கியில் சுமார் 40 கிலோ கரியமிலவாயு வெளியேறும். இயற்கை வாயுவிலிருந்து பிரித்தாலே 10 கிலோவோடு போயிருக்கும்! ஆகையால்தான் 2023 ஆகஸ்டில் மத்திய அரசு, ஒரு கிலோவுக்கு 2 கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வந்தால் அதைப் ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று சொல்லக்கூடாது என வரம்பு கட்டியது. சரியான வரம்பு. வெயிலிலும் காற்றிலும் எடுத்த மின்சாரம் என்றால்தான் இந்த ஆட்டத்துக்கே அர்த்தம்.

இப்போது டில்லியின் கணக்குப் புத்தகத்தைப் பிரிப்போம். 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒதுக்கியது 19,744 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் வண்டிகளுக்கென்று ஐந்து சோதனைத் திட்டங்கள்: 37 பஸ், லாரிகள், 9 வாயு நிலையங்கள், 208 கோடி ரூபாய் உதவி. அந்த 37ல் மின்கலத்தில் ஓடுபவை 15தான்! மற்ற 22 வண்டிகள் ஹைட்ரஜனைப் பழைய என்ஜினுக்குள் பெட்ரோலைப் போல எரிப்பவை. என்ஜினில் எரித்தால் திறன் மின்கலத்தைவிடக் குறைவு. சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் எரிந்து நச்சுவாயு கொஞ்சம் வரும். நாலணாவும் மூன்றணாவாகும். ஆனாலும் அதற்கொரு நியாயம் உண்டு. பிளாட்டினம் வேண்டாம், இறக்குமதிக் கலம் வேண்டாம், நம் மெக்கானிக்குக்குக் கை பழகிய என்ஜின், நம் பட்டறையிலேயே செய்யலாம். இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஓட்டிப் பார்த்ததை ஊருக்குச் சொல்லாமல் விட்டால்தான் குறை சொல்வேன்.

ஏனென்றால் இந்தத் துறையில் பார்த்த வித்தைகள் போதும். அமெரிக்காவின் நிக்கோலா கம்பெனி 2018ல் ஒரு படம் வெளியிட்டது. ஹைட்ரஜன் லாரி சாலையில் சீறிப்பாய்கிறது! பங்கு விலையும் பிற்பாடு பாய்ந்தது. உண்மை 2020ல் வெளிப்பட்டது: லாரி தன் பலத்தில் ஓடவில்லை, சரிவான சாலையில் உருட்டிவிட்டுப் படம் பிடித்திருந்தார்கள்! மோசடிக் குற்றம் புரிந்தவர் என்று 2022ல் அதன் ஸ்தாபகர் டிரெவர் மில்ட்டனை ஜூரிகள் தீர்மானித்தனர். 2025ல் டிரம்ப் அவரை மன்னித்துவிட்டார். அதற்குச் சற்று முன்னர் பிப்ரவரியில் கம்பெனி திவாலாயிற்று. உருண்டது லாரி மட்டுமல்ல, நம்பிப் பணம் போட்ட சின்ன மனிதர்களின் சேமிப்பும்தான்.

என் தீர்ப்பு இதுதான். சுத்தமான ஹைட்ரஜன் கிடைக்கிற கொஞ்சமும் முதலில் போக வேண்டியது உரத் தொழிற்சாலைக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும். அங்கே ஹைட்ரஜன் இன்றியமையாதது, இன்று அசுத்த வழியில் வருவதே அங்கே செலவாகிறது; இடையில் மின்கலம் இல்லை, பாதி இழப்பும் இல்லை. பகலில் ஓடி இரவில் நிற்கும் ஒரு ஷிப்ட் வண்டிக்கு ஹைட்ரஜன் தேவையே இல்லை. பேட்டரி பன்னிரண்டணா தரும்போது நாலணாவை நாடுவானேன்? இரவும் பகலும் நிற்காத வண்டி, பேட்டரியின் எடையே சுமையைத் தின்னும் மலைப்பாதை லாரி, மின்கம்பி எட்டாத சுரங்கம் ஆகிய இடங்களில் மின்கலத்துக்கு இடம் உண்டு. அங்கும் லித்தியம் பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி வருகிறது; இன்று வகுத்த எல்லைக்கோடு ஐந்தாண்டில் நகர்ந்துவிடக்கூடும்.

2025 மார்ச்சில் புறப்பட்ட டாட்டாவின் 16 லாரிகளின் சோதனை 24 மாதம் வரை நடக்கும் என்றார்கள். அரசு உதவியில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும், ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எத்தனை கிராம் ஹைட்ரஜன் ஆயிற்று, அந்த ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆயிற்று, சித்திரையில் எவ்வளவு, மார்கழியில் எவ்வளவு, முதல் நாள் தந்த வோல்ட்டில் ஆயிரம் மணி நேரம் கழித்து எவ்வளவு குறைந்தது, எத்தனை நாள் வண்டி பட்டறையில் கிடந்தது என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. 350 மடங்கு அழுத்தத்தில் வாயு அடைத்த தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கப்போகிற மெக்கானிக்குக்கு யார், எந்த ஊரில், யார் செலவில் பயிற்சி தருகிறார்கள், பேட்டரி அறையில் இன்று வேலை செய்கிறவர் நாளை எந்த வேலைக்குப் போவார் என்று தொழிற்சாலை வாயிலில் நாம் கேட்கலாம். அதற்கு எந்தச் சபையின் அனுமதியும் வேண்டியதில்லை.